வடிகால் கருத்துக்கேட்புக் கூட்டமா? கணக்கோடு போங்கள்

வெள்ளத் தடுப்பு, வடிகால் சீரமைப்பு என்று ஒரு திட்டம் வரும்போது ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்படும். இன்ன தேதி, இன்ன மண்டபம், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அதில் இருக்கும். கூட்டத்துக்குப் போகிற விவசாயிகளில் பெரும்பாலோர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "எங்க ஊர்ல தண்ணி வடியல சார், தூர்வாரிக் கொடுங்க." அதிகாரிகள் குறித்துக்கொள்கிறார்கள். பக்கத்து ஊரும் அதையே சொல்கிறது, அதற்கடுத்த ஊரும் அதையே சொல்கிறது. கடைசியில் எல்லா ஊருக்கும் பொதுவாக "தூர்வார வேண்டும் எனக் கோரினர்" என்று குறிப்பில் ஒரு வரி ஏறும். உங்கள் ஊரில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்பது அந்த வரியில் இருக்காது. திட்ட வரைபடத்திலும் இருக்காது.

காவிரி டெல்டாவின் கடைமடையை, குறிப்பாக திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஊர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற பகுதி விவசாயிகளுக்கும் கணக்கு ஒன்றுதான்.

வெள்ளம் எங்கிருந்து வருகிறது?

மேட்டூர் நிரம்பி உபரி நீர் வரும்போது அதில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் திருப்பப்பட்டுக் கடலுக்குப் போகிறது. ஆகவே கீழ் டெல்டாவில் சம்பாவும் தாளடியும் மூழ்குவதற்குப் பெரும்பாலும் காவிரி வெள்ளம் காரணமாக இருப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் வயல்களின் மேலேயே பெய்கிற வடகிழக்குப் பருவமழைதான் காரணம். 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2020 டிசம்பரில் புரெவி புயலின்போதும் பயிர் அழிந்தது இப்படித்தான். பெய்த மழை வெளியே போக வழியில்லாமல் நின்றது. அதனால் நம் பகுதியில் வெள்ளத் தடுப்பு என்றால் முதல் வேலை வடிகால்தான். கரையை உயர்த்துவது அதற்கு அடுத்தது. கரையை மட்டும் உயர்த்தினால் ஆற்று நீர் உள்ளே வராது, வயல் நீரும் வெளியே போகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு போன்றவை பாசனத்துக்குத் தண்ணீர் விடும்போது பாசன ஆறுகள், மழைக்காலத்தில் வடிகால்கள். ஒரே ஆறு இரண்டு வேலையும் செய்கிறது. பாசனத்துக்கு நீர்மட்டம் உயர்ந்து நிற்க வேண்டும், வடிகாலுக்குத் தாழ்ந்து நிற்க வேண்டும். ஆற்றின் குறுக்கே உள்ள ஒவ்வொரு இயக்கணையிலும் இந்த இழுபறி இருக்கிறது. கூட்டத்தில் மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் மோதிக்கொள்வதற்கும் இதுதான் காரணம். இதில் இரண்டு தரப்புமே பொய் சொல்வதில்லை.

இந்த ஆறுகளையும் வளவனாற்று வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றையும் சீரமைக்க, ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடனுதவியோடு 2010-களின் நடுவில் ஒரு பெரிய திட்டம் தொடங்கப்பட்டது. ஆற்றுப் படுகையை அகலப்படுத்துவது, கரைகளைப் பலப்படுத்துவது, பழைய மதகுகளையும் இயக்கணைகளையும் புதுப்பிப்பது எல்லாம் அதில் சேர்ந்தவை. அதுபோன்ற திட்டங்கள் ஆற்றைத்தான் பார்க்கும். உங்கள் வயலில் இருந்து ஆறு வரையுள்ள இரண்டு கிலோமீட்டரை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தின் பயனே அந்த இரண்டு கிலோமீட்டரை வரைபடத்துக்குள் கொண்டுவருவதில் இருக்கிறது.

தண்ணீர் எங்கே மாட்டிக்கொள்கிறது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தண்ணீர் வடியாததற்கு மூன்று விதக் காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. மூன்றுக்கும் "தூர்வாருங்கள்" என்று கேட்டால் இரண்டு இடத்தில் பணம் வீண்.

முதலாவது, வயலில் இருந்து வடிகாலுக்கே தண்ணீர் போகவில்லை. வரப்போரக் கண்ணி வாய்க்கால் தூர்ந்து போயிருக்கும், அல்லது யாரோ வயலோடு சேர்த்துக்கொண்டிருப்பார்கள், அல்லது புதிதாகப் போட்ட சாலைக்கு அடியில் குழாய் வைக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டாவது, வடிகாலுக்கு வந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகவில்லை. வண்டல் மேடு, நெய்வேலி காட்டாமணக்கு, வெங்காயத்தாமரை, குறுகலான மதகு என்று ஏதோ ஒன்று மறிக்கும். மூன்றாவது, வடிகால் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது சேர்கிற ஆற்றிலோ கடலிலோ நீர்மட்டம் வயலைவிட உயரமாக நிற்கிறது. இந்த மூன்றாவது நிலைமையில் வடிகாலை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் தண்ணீர் போகாது. பள்ளம் ஆழமானால் அதில் நிற்கிற தண்ணீரின் ஆழம் கூடும், அவ்வளவுதான்.

எது உங்கள் ஊர்ப் பிரச்சினை என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். மழை விட்ட மறுநாள் வடிகால் ஓரமாகக் கடைசி வரை நடந்து போங்கள். ஒவ்வொரு மதகு, பாலம், குழாய் வந்ததும் நின்று மேல்பக்கத்து நீர்மட்டத்தையும் கீழ்ப்பக்கத்து நீர்மட்டத்தையும் பாருங்கள். ஒரு மதகின் மேல்பக்கம் முக்கால் அடி உயரமாகவும் கீழ்ப்பக்கம் தாழ்வாகவும் இருந்தால் குற்றவாளி அந்த மதகுதான். அதன் கண் போதவில்லை, அல்லது அடைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக நின்று, தண்ணீரில் போட்ட வைக்கோல் நகராமல் கிடந்தால் தடை இன்னும் கீழே இருக்கிறது. நடந்துகொண்டே போங்கள். ஆறு சேரும் இடம் வரை ஒரே மட்டமாக இருந்து, அங்கே ஆற்று நீர் வடிகாலுக்குள் ஏறிக்கொண்டிருந்தால் உங்களுடையது மூன்றாவது வகை. கிளறிவிட்ட சேறு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

நான் பார்த்த வரையில் பல ஊர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்தே இருக்கும். ஆனால் எந்த இடத்தில் மட்டம் அதிகமாக விழுகிறதோ அந்த இடத்தை முதலில் சரி செய்தால்தான் மற்ற இடங்களில் செய்கிற வேலைக்குப் பலன் கிடைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

கூட்டத்தில் பொறியாளர் "இந்த வடிகாலின் கொள்ளளவு வினாடிக்கு இத்தனை கன அடி" என்பார். அது போதுமா என்று அங்கேயே சரிபார்க்க ஒரு எளிய வாய்ப்பாடு இருக்கிறது. வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால், ஒரு அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் 2 ஏக்கர் வடியும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். உங்கள் வடிகாலில் 300 ஏக்கர் சேர்கிறது. வயலில் ஒரு அடி தண்ணீர் நிற்கிறது. மூன்று நாளில் வடிய வேண்டும். 300-ஐ 2-ஆல் வகுத்தால் 150. அதை மூன்று நாளால் வகுத்தால் 50. ஆக வினாடிக்கு 50 கன அடி ஓட வேண்டும். அந்த 300 ஏக்கர் நீரும் சாலைக்கு அடியில் இரண்டு அடி விட்டமுள்ள இரண்டு குழாய்கள் வழியாகத்தான் போகிறது என்றால், தண்ணீர் வினாடிக்கு 2 அடி வேகத்தில் ஓடினாலும் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 12 கன அடிதான் கடத்தும். அப்படியானால் வடிய 12 நாளுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைச் சொன்னால் "தூர்வாருகிறோம்" என்ற பதிலோடு அவர்கள் நகர முடியாது. குழாயை எடுத்துவிட்டுப் பெட்டி மதகு கட்ட வேண்டும் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

கடலோர ஊர்களில் இந்தக் கணக்கை இரட்டிப்பாக்க வேண்டும். ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஏற்றத்தின்போது உப்புநீர் உள்ளே வராமல் கடைமடை இயக்கணையின் ஷட்டரை மூட வேண்டும், அல்லது திறந்திருந்தாலும் நீர் வெளியே போகாது. நல்ல தண்ணீர் வடிவது கடல் இறங்குகிற நேரத்தில் மட்டும். அதாவது நாளில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 50 கன அடி இங்கே 100 கன அடி ஆகிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடும். புயல் காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளும்போது இன்னும் மோசம். "திட்டத்தில் வடிகால் கொள்ளளவைக் கணக்கிட்டபோது ஓதத்தைக் கணக்கில் எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்க வேண்டிய நியாயமான கேள்வி அது.

வேதாரண்யம் கால்வாயை ஒட்டிய ஊர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் கால்வாய் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உப்பு ஏற்றும் படகுகளுக்காகக் கடற்கரைக்கு இணையாக வெட்டப்பட்டது. மேற்கிலிருந்து வரும் வடிகால்கள் அதைச் சந்தித்துத்தான் கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது. படகுக்காக வெட்டிய கால்வாயில் சரிவு குறைவு. ஒரு வடிகாலின் தண்ணீர் இன்னொரு வடிகாலின் வாயில் போய் முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. அங்கே உங்கள் வடிகாலை மட்டும் தனியாகப் பேசிப் பயனில்லை, கால்வாயின் மட்டத்தையும் சேர்த்தே பேசுங்கள்.

எந்த முனையில் வேலை தொடங்குகிறது?

திட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் இதை நான் முதலில் வைப்பேன். வடிகால் வேலை கடல் பக்கத்தில் தொடங்கி மேலே வர வேண்டும். மேல்பகுதியை முதலில் அகலப்படுத்திவிட்டு, நிதி தீர்ந்தோ பருவமழை வந்தோ கீழ்ப்பகுதி நின்றுபோனால், முன்பு ஐந்து நாளில் வந்த தண்ணீர் இரண்டு நாளில் கடைமடைக்கு வந்து சேரும். போகும் வழியோ பழைய வழிதான். திட்டம் வருவதற்கு முன்பு இருந்ததைவிடக் கடைமடைக்கு நிலைமை மோசமாகிவிடும். ஆகவே முகத்துவாரம், கடைமடை இயக்கணை, கீழ் வடிகால், மேல் வடிகால் என்ற வரிசையில் வேலை நடக்குமா, எந்தப் பகுதி எந்த ஆண்டில் முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். வளைவுகளை நிமிர்த்தி நேர்வெட்டு போடுவதாகத் திட்டம் இருந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். நேர்வெட்டு தண்ணீரை வேகமாக அனுப்பும். அது போய்ச் சேரும் இடம் வாங்கிக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும்.

ஷட்டரை யார், எப்போது திறப்பது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதிதான். புதிய இயக்கணை கட்டுவார்கள், சாவி யாரிடம் என்று தெரியாது. மழை எச்சரிக்கை வந்ததும் எத்தனை மணி நேரத்துக்கு முன்பே ஆற்று மட்டத்தை இறக்குவது, இரவில் பொறுப்பாளர் யார், பாசனத்துக்குத் தேக்கிய தண்ணீரைத் திறந்துவிட மேல்மடை ஒப்புக்கொள்ளுமா என்பதெல்லாம் கூட்டத்திலேயே பேசி முடிக்க வேண்டியவை. மழை கொட்டும் நள்ளிரவில் கரையை வெட்டிவிட்டு இரண்டு ஊர் பகைத்துக்கொள்வதைவிட மண்டபத்தில் சண்டை போடுவது மேல்.

கூட்டத்துக்கு முன் ஊருக்குள் ஒரு கூட்டம்

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும், தேவையான சர்வே எண்களுக்குப் புலப்பட நகலையும் வாங்குங்கள். வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று எவை பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். வரைபடத்தில் 20 அடி அகலமிருக்கும் வடிகால் தரையில் 6 அடியாக இருக்கலாம். அந்த மீதி 14 அடி யாரிடம் இருக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதை அதிகாரிகள் வந்து தீர்ப்பார்கள் என்று விடுவதைவிட ஊர்ப் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி முடிப்பதுதான் நடக்கக்கூடிய காரியம். ஆற்றையும் பெரிய வாய்க்கால்களையும் நீர்வளத்துறை பார்க்கும். சி, டி பிரிவுச் சிறு வாய்க்கால்கள் பெரும்பாலும் ஊராட்சியின் வேலைத்திட்டத்தையும் நம் கையையும் நம்பித்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்துக்கொண்டு போங்கள்.

குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்களை மறந்துவிடாதீர்கள். பட்டா பெயரில் இல்லாததால் பாதிப்புக் கணக்கெடுப்பில் அவர்கள் பெயர் விடுபட்டுப் போகிறது, ஆனால் எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். நாற்று நட்டு, களையெடுக்கும் பெண்களும் அப்படியே. எந்த மூலையில் கால் புதையும் என்று அவர்களிடம் கேளுங்கள். வடிகாலின் வாய்ப்பகுதியில் மீன்பிடிப்பவர்களையும் இறால் பண்ணை வைத்திருப்பவர்களையும் அழைத்துப் பேசுங்கள். அவர்கள் இல்லாமல் எடுத்த முடிவு முகத்துவாரத்தில் போய் நின்றுவிடும்.

பிறகு மனுவை எழுதுங்கள். "எங்கள் ஊரில் தண்ணீர் வடியவில்லை" என்று எழுதாமல் இப்படி எழுதுங்கள்: இன்ன கிராமம், இன்ன வடிகால், இன்ன சர்வே எண்ணில் உள்ள மதகு. மழை விட்ட மறுநாள் மேல்பக்க நீர்மட்டம் கீழ்ப்பக்கத்தைவிட இத்தனை அங்குலம் உயரம். இத்தனை ஏக்கரில் இத்தனை நாள் தண்ணீர் நின்றது. அப்போது பயிர் இன்ன பருவம். இப்போதுள்ள கண்ணின் அளவு இவ்வளவு, எங்கள் கணக்குப்படி தேவை இவ்வளவு. ஒரு பக்கம் போதும். புகைப்படம் இரண்டு இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பயிரின் பருவத்தை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நெல் தண்ணீரில் நிற்கும், ஆனால் முழுதாக மூழ்கிக் கிடக்காது. நட்ட புதிதில் மூழ்கினால் அழுகும், பூக்கும் பருவத்தில் மூழ்கினால் பதராகும், அறுவடை சமயத்தில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைக்கும். சி.ஆர். 1009 சப் 1 போன்ற மூழ்குதலைத் தாங்கும் ரகங்கள் வளர்ச்சிப் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை தாங்கும். பள்ளக்கால் வயல்களுக்கு அவற்றை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஆனால் பூத்த பிறகு அந்தக் குணம் கைகொடுக்காது. "ரகத்தை மாற்றிக்கொள்ளுங்களேன்" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன தருகிறது?

எல்லா வடிகால் வேலைக்கும் சட்டப்படியான பொது விசாரணை கிடையாது. துறை தானாக நடத்தும் கூட்டம், கடன் தரும் வங்கியின் நிபந்தனைப்படி நடக்கும் கூட்டம், கிராம சபை எனப் பல வகை உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் பொது விசாரணை நடந்தால் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். நடவடிக்கைகள் வீடியோவில் பதிவாக வேண்டும். கூட்ட முடிவில் பேசியவற்றின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து சொல்லுங்கள். அந்த விசாரணைக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு.

கரையை அகலப்படுத்த உங்கள் நிலம் தேவைப்பட்டு, 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் கீழ் முதல்நிலை அறிவிக்கை வந்தால், ஆட்சேபணை தெரிவிக்க 60 நாள் அவகாசம் உண்டு. அதைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வாயால் சொன்னால் போதாது. தனியாக எழுத்தில் கொடுக்க வேண்டும்.

விரிவான திட்ட அறிக்கையில் உங்கள் வடிகால் இருக்கிறதா என்று பார்க்க, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு செய்யலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். முழு அறிக்கையைக் கேட்டால் பக்கத்துக்குப் பக்கம் நகல் கட்டணம் ஏறும். உங்கள் வடிகால் பற்றிய பக்கங்கள், கொள்ளளவுக் கணக்கு, வேலை வரிசை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் சொன்னது என்ன ஆனது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், பழைய மனுவின் தேதியைச் சொல்லித் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள்.

ஒரு நடைமுறைச் சங்கடம்: இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் கோடையில்தான் நடக்கின்றன. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம். நிலம் வெடித்துக் கிடக்கும்போது வந்து பார்க்கிற அதிகாரிக்கு வயலில் இடுப்பளவு தண்ணீர் நின்றதை எப்படிக் காட்டுவீர்கள்? அதற்கான ஏற்பாட்டை மழைக்காலத்திலேயே செய்துவிட வேண்டும். ஊரில் உள்ள ஒவ்வொரு மதகுச் சுவரிலும், முடிந்தால் ஒரு மின்கம்பத்தின் அடிச்சுவரிலும், தண்ணீர் உச்சத்தில் நின்ற இடத்தில் மஞ்சள் பெயின்டில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அளவுநாடாவை ஒட்டிவைத்துக் கைபேசியில் படம் எடுங்கள். எந்த நாள் ஏறியது, எந்த நாள் வரப்பு தெரிந்தது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று பருவமழைக்கு இப்படி எழுதி வைத்த நோட்டு கையில் இருந்தால், ஊரே திரண்டு போட்ட கூச்சலைவிட அதற்கு மதிப்பு அதிகம். இந்த வேலையை ஊரில் படித்த பிள்ளைகள் இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள். பெயின்டையும் தூரிகையையும் ஐப்பசி பிறப்பதற்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.